இடிக்கும் முன் எடை போடுவோம்

மல்லியோ, வற்றலோ, மூட்டையில் குத்தூசி விட்டுச் சரக்கைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் நாம் விலைக்கு வாய் திறக்கிறோம். ஆனால் முன்னோர் விட்டுச் சென்ற சத்திரத்தையும் பேட்டையையும் இடித்து வணிக வளாகம் கட்டும் பேச்சு வந்தால், மனையின் விலையை மட்டுமே பார்க்கிறோம். கட்டிடத்தின் மதிப்பைப் பார்ப்பதில்லை.

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையைப் பழைய ஆட்கள் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். ஹைதர் அலி படையெடுப்பை ஒட்டி வந்த பஞ்சத்தில், 1782-ல், மணியக்காரர் சத்திரத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார்கள். 1799-ல் அங்கே வைத்தியமும் தொடங்கியது. அந்த வழியில் வளர்ந்ததுதான் 1938-ல் பெயர் பெற்ற ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி. அந்தச் சத்திரத்தின் பெருமை சிற்பத்தில் இல்லை; பசித்தவன் வயிறு நிறைந்ததில் இருக்கிறது.

லண்டனில் கிளீவ்லண்ட் தெருவில், வேலை வாங்கிக்கொண்டு சோறு போட்ட ஏழை விடுதி ஒன்று 1770-களில் எழுந்தது. பிற்காலத்தில் மருத்துவமனையாக இருந்து மூடப்பட்டது. இடித்துவிட்டுக் குடியிருப்பு கட்டத் திட்டமிட்டார்கள். ஏழைகள் அங்கே பட்ட பாட்டையும், எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் அதே தெருவில் குடியிருந்ததையும் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். 2011-ல் அது பாதுகாக்கப்பட்ட கட்டிடமாயிற்று. அழகில்லாத செங்கல் கட்டிடம்தான். ஆனாலும் எடை போட்டுப் பார்த்தார்கள்.

நம் பகுதிக்கு வருவோம். விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி பேட்டைகள் மாட்டுவண்டிக் காலத்தில் சரக்குக்கும் ஆளுக்கும் காவலாக நின்றவை. அங்கே சேர்ந்த மகமைப் பணம்தான் பள்ளியாகவும் கிணறாகவும் மாறியது. விருதுநகரில் 1889-ல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை மகமையிலும் வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியிலும் வளர்ந்தது. காமராஜர் படித்த பள்ளி அது.

"ஒழுகும் கூரைக்கு யார் செலவு செய்வது? வாடகை வந்தால்தானே தர்மம் நடக்கும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வரைபடம் அனுமதிக்குப் போகும் முன் நான்கு காரியம் செய்தால் போதும்: கட்டிடத்தை அளந்து படம் எடுப்பது, சாசனம், கல்வெட்டு, மகமைப் பேரேடு ஆகியவற்றுக்கு நகல் எடுப்பது, பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைப்பது, விவரம் தெரிந்த பொறியாளரைக் கொண்டு சுவரின் பலத்தைப் பார்ப்பது. அதன் பிறகு முழுதும் காப்பதா, முகப்பை வைத்துப் பின்னால் கட்டுவதா, இடித்துவிட்டுக் கல்வெட்டையாவது புதுச் சுவரில் பதிப்பதா என்று முடிவு செய்யலாம்.

2012-ல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் நிறைவேறியது. அதிகாரிகள் வந்து நம் சொத்தை எண்ணட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்டு முடிந்தால் இருப்பு எடுக்கத் தெரிந்தவர்கள் நாம். ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் அடுத்த பொதுக்குழுவிலேயே இதற்கு மூன்று பேரை நியமிக்கட்டும். மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை கொடுத்தவர்களின் பெயர் பேரேட்டில் இருக்கிறது. செல்லரித்துப் போவதற்குள் அதைப் படித்துவிடுவோம்.