கோச்சுக்கு எத்தனை பங்கு?

ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் காலை நடை முடிந்து டீ குடிக்கும்போது நண்பர் ஒருவர் ஆரம்பித்தார். "கோச் கோச்சுன்னு என்ன சார் பெரிய பேச்சு? ஓடுறது அந்தப் பொண்ணு. இவரு விசில் ஊதுறாரு. அவ்வளவுதானே!"

நம்ம சக்கிமங்கலம் ரேவதி வீரமணியைப் பற்றித்தான் பேச்சு. டீ ஆறுவதற்குள் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

ரேவதி சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். பாட்டி ஆரம்மாள் வயல் வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போய் வளர்த்தார். பள்ளி நாளில் வெறுங்காலோடு ஓடிய அந்தப் பெண்ணைப் பயிற்சியாளர் கண்ணன் கவனித்தார். பேத்தியைப் பயிற்சிக்கு அனுப்பப் பாட்டிக்கு முதலில் மனமில்லை. கண்ணன்தான் பேசிச் சம்மதிக்க வைத்தார். லேடி டோக் கல்லூரியில் சேரவும் விடுதியில் தங்கவும் ஏற்பாடு செய்தார். 2019 வரை அவரிடம் பயிற்சி. பிறகு பாட்டியாலா தேசிய முகாம். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக், 4×400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டம்.

"பாட்டியாலாவில்தானே சார் 400 மீட்டர் ஓட வைத்தார்கள்?" என்றார் நண்பர். உண்மைதான். 100, 200 ஓடிக்கொண்டிருந்தவரை 400-க்கு மாற்றியவர் கலினா புகாரினா. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வென்றவர். அந்தப் பெருமை அவருக்கே. ஆனால் மாற்றுவதற்கு ஓர் ஆள் அங்கே வந்து சேர வேண்டாமா?

நான் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு எழுதியவன். தொகையைவிடத் தேதியைத்தான் முதலில் பார்ப்பேன். ஜெயிப்பாள் என்று தெரிந்த பிறகு செய்வது வேறு. ஒன்றும் தெரியாத நாளில் பாட்டியிடம் போய்ப் பேசுவது வேறு.

பதக்கத்தை வைத்து அளந்தால் என்ன ஆகும்? டோக்கியோவில் நம் அணி தகுதிச் சுற்றோடு திரும்பியது. அப்படியானால் கண்ணனுக்குப் பூஜ்யமா? 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் பி.டி.உஷா நூறில் ஒரு விநாடியில் வெண்கலத்தைத் தவறவிட்டார். அவருடைய கோச் நம்பியாரின் உழைப்பும் அந்த நூறில் ஒரு விநாடியில் காணாமல் போய்விட்டதா? நல்லவேளை, மறு வருஷம் துரோணாச்சாரியார் விருது தொடங்கியபோது முதலில் பெற்றவர்களில் அவரும் ஒருவர். பத்மஸ்ரீ வர 2021 ஆனது. அதே வருஷம் மறைந்தார்.

நண்பர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஒரே கோச்சிடம் ஒரே பயிற்சி எடுக்கிற எல்லாரும் ஒலிம்பிக் போவதில்லை. அந்த வேகம் ரேவதியுடையது. அதில் பங்கு கேட்க அந்தப் பாட்டியைத் தவிர யாருக்கும் உரிமையில்லை. ஜெயித்த மறுநாள் ஃபிளெக்ஸில் தன் முகத்தைப் பெரிதாகவும் பிள்ளையின் முகத்தைச் சின்னதாகவும் போட்டுக்கொள்கிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். சொல்லிக் கொடுக்காமலே ஏகலைவனிடம் கட்டை விரல் கேட்ட துரோணரின் வாரிசுகள் அவர்கள். அவர்களையும் கண்ணன் போன்றவர்களையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்பதுதான் என் வாதம்.

எங்கள் பள்ளியில் என்னோடு ஒரு பையன் ஓடினான். நான் பாதி தூரம் வருவதற்குள் கயிற்றைத் தொட்டுவிடுவான். எட்டாம் வகுப்பில் அப்பா இறந்ததும் கீழமாசி வீதிக்கு மூட்டை தூக்கப் போய்விட்டான். அவன் அம்மாவிடம் போய்ப் பேச யாருமில்லை. அவனுக்கு விசில் ஊத ஆள் இருந்தது. வீடு தேடி வர ஆள் இல்லை.

ஆகவே நண்பரே, கோச்சுக்கு எத்தனை பங்கு என்று கேட்டால், ஓட்டத்தில் கொஞ்சம்தான். ஆனால் அந்தப் பெண் ஓடுகளத்தில் வந்து நின்றதில் பெரும்பங்கு. நாளைக்கு டீ என் கணக்கு. மறுக்க இருந்தால் வந்து மறுங்கள்.