பட்டறைக் கணினிக்கு அழகு எதற்கு?



"லினக்ஸ் எல்லாம் ஒன்றுதானே சார், புதிதாக எது வந்திருக்கிறதோ அதைப் போட்டுக்கொள்ளலாமே!" என்னும் அறிவுரை, நம்மவர் நடத்தும் சிறு பட்டறைகளில் இப்போது தாராளமாகக் கிடைக்கிறது. வழங்குவோர் பெரும்பாலும் கணினி அறிந்த இளைஞர்கள், நல்லெண்ணம் உடையவர்களும்கூட. ஆயினும் அது தவறான அறிவுரை. மரம் செதுக்கும், தகடு வெட்டும், இரும்பு கடையும் சி.என்.சி. இயந்திரத்தை ஆளப்போகும் கணினிக்கு அவ்வாறு இயங்குதளத்தைத் தேர்ந்தெடுத்தால், முதலில் மரம் வீணாகும். பிறகு பணம் வீணாகும். அதை மறுக்கவே இதனை எழுதுகிறேன்.

தொடக்கப்பள்ளி ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஆசிரியர் கல்விக் கழகத்தில் எனக்கு எவரும் சி.என்.சி. கற்பிக்கவில்லைதான். ஆனால் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடத்தை நடத்துகிறேன். என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் தொழிற்கல்வி முடித்து இத்தகைய பட்டறைகளுக்குத்தான் போகிறார்கள். தவிர, என் மைத்துனர் மரப்பட்டறை வைத்திருப்பவர். பெயர்ப்பலகையும் பூசையறைக் கதவும் செதுக்குவது அவர் தொழில்.

அவர் இயந்திரம் வாங்கியபோது விற்றவர் கூடவே ஒரு கணினியையும் தந்தார். உள்ளே விண்டோஸ் எக்ஸ்பி. அதன் மேல் மாக்3 மென்பொருளின் திருட்டுப் பிரதி. எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் வழங்கிவந்த ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் நாளோடு முடிந்துவிட்டது. மாக்3 மென்பொருளின் பேரலல் போர்ட் இயக்கியோ 64 பிட் விண்டோசில் வேலை செய்யாது. ஆகவே அந்தக் கணினி பழுதானால், அதே போன்ற பழைய கணினி ஒன்றைத் தேடி அலைய வேண்டும். விற்றவரை அழைத்தால் தொலைபேசியை எடுப்பதில்லை. உரிமம் இல்லாத பிரதிக்கு யாரிடம் போய் முறையிடுவது? இந்த நிலையிலிருந்து வெளியேற லினக்ஸை நாடுவது சரியே. அந்த வழியில் எப்படிப் போவது என்பதில்தான் எனக்கும் இளைஞர்களுக்கும் வழக்கு.

அவர்கள் வேகத்தைப் பார்க்கிறார்கள். திரையின் அழகைப் பார்க்கிறார்கள். இயந்திரம் கேட்பதோ நேரந்தவறாமை. உறுமி மேளக் குழுவில் ஒருவன் எத்தனை விரைவாக அடிக்கிறான் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. தாளத்தில் அடிக்கிறானா என்பதே கேள்வி. இதுவும் அப்படியே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறாம் ஆண்டு மாணவனும் போடக்கூடிய கணக்குத்தான். இயந்திரத்தின் திருகுத்தண்டு ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்துகிறது. ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடிகள் வைக்கிறது. ஒவ்வோர் அடியையும் அதன் டிரைவர் எட்டாகப் பிரிக்கிறது. ஆக, 1,600 மின் துடிப்புகளுக்கு 5 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கு 320 துடிப்புகள். வெட்டுமுனை நிமிடத்திற்கு 3,000 மில்லிமீட்டர், அதாவது வினாடிக்கு 50 மில்லிமீட்டர் ஓட வேண்டுமானால், கணினி வினாடிக்கு 16,000 துடிப்புகள் அனுப்ப வேண்டும். இரு துடிப்புகளுக்கு இடையே உள்ள காலம் 62.5 மைக்ரோ வினாடி.

சாதாரண இயங்குதளம் வன்தட்டை எட்டிப் பார்க்கவும், வலையமைப்பைக் கவனிக்கவும், திரையை வரையவும் இடையிடையே சில நூறு மைக்ரோ வினாடிகளை எடுத்துக்கொள்ளும். கடிதம் தட்டச்சு செய்பவருக்கு அது தெரியவே தெரியாது. மோட்டாருக்குத் தெரியும். ஒரு துடிப்பு பிந்தி, அடுத்தது நெருக்கியடித்து வந்தால், சுமையோடு ஓடும் மோட்டார் அடி தவறும். கணினிக்கோ அது தவறியது தெரியாது. இத்தகைய எளிய இயந்திரங்களில் திருப்பிச் சொல்லும் உணரி கிடையாது. அதன்பின் செதுக்கப்படுவதெல்லாம் விலகிய இடத்தில்தான் விழும். நாலு மணி நேரம் ஓடிய தேக்குப் பலகையில் மூன்றாம் மணியில் இப்படி நேர்ந்தால், பலகை விறகுக்குத்தான். மைத்துனர் பட்டறையின் மூலையில் அப்படிப்பட்ட பலகைகள் அடுக்கியே கிடந்தன.

ஆகவே, இங்கே வழங்கல் என்பது ஒரு கெர்னலின் கேள்வி. துடிப்பு அனுப்பும் நேரம் வந்தால் மற்ற எல்லா வேலையையும் ஒதுக்கிவிட்டு அதைச் செய்யும் நிகழ்நேரக் கெர்னல் வேண்டும். "பிரீஎம்ட் ஆர்டி லினக்ஸிலேயே சேர்ந்துவிட்டதே, இனி எந்த வழங்கலும் போதும்" என்று ஒரு தம்பி என்னிடம் வாதிட்டார். சேர்ந்தது உண்மை, 2024 நவம்பரில் வெளிவந்த 6.12 பதிப்பில் சேர்ந்தது. ஆனால் மூலநிரலில் இருப்பது வேறு, அதை முடுக்கித் தொகுத்துத் தருவது வேறு. மேசைக் கணினிக்கான வழங்கல்கள் தம் வழக்கமான கெர்னலில் அதனை முடுக்குவதில்லை. சமையலறையில் மிளகாய் இருப்பதால் குழம்பு காரமாகிவிடுமா?

என் தேர்வு டெபியன். காரணம் எளிது. இயந்திரத்தை ஆளும் லினக்ஸ்சிஎன்சி மென்பொருளைக் காப்பவர்களே டெபியனின் மேல் கட்டிய நிறுவல் வட்டுக் கோப்பைத் தருகிறார்கள். நிகழ்நேரக் கெர்னலும் அதனுள்ளேயே வருகிறது. டெபியனின் சொந்தக் களஞ்சியத்திலும் 12ஆம் பதிப்பு முதல் அம்மென்பொருள் இருக்கிறது. அமெரிக்க அரசின் நிஸ்ட் நிறுவனத்தில் 1990களில் இ.எம்.சி. என்ற பெயரில் தொடங்கி, பொதுச்சொத்தாக வெளிவந்து, பின்னர் தன்னார்வலர் கையில் வளர்ந்தது அது. உபுண்டு 6.06, 8.04, 10.04 ஆகியவற்றின் மேல் அதன் வட்டுகள் வந்த காலம் ஒன்று உண்டு. "சி.என்.சி. என்றால் உபுண்டு" என்று மூத்தவர் சிலர் இன்றும் சொல்வது அந்த நினைவில்தான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காலம் போய்விட்டது. 32 பிட் பழங்கணினி வைத்திருப்போர் மட்டும் ஒன்றைக் கவனிக்க: 2025இல் வந்த டெபியன் 13ஐ அதில் நேரடியாக நிறுவ இயலாது.

நிறுவுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடக்கி, கேட்கும் கேள்விகளுக்கு விடை சொன்னால் முடிந்தது. மெய்நிகர் கணினிக்குள் மட்டும் நிறுவாதீர்கள். இயந்திரத்தை ஓட்ட அது உதவாது.

நிறுவிய பின் செய்ய வேண்டியதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். லினக்ஸ்சிஎன்சியோடு தாமதச் சோதனை என்றொரு நிரல் வருகிறது. அதை ஓடவிட்டு, கூடவே கணினியை வேண்டுமென்றே தொல்லைப்படுத்த வேண்டும்: பெரிய கோப்புகளை நகலெடுங்கள், சாளரங்களை இழுத்தடியுங்கள், பாட்டு ஓடவிடுங்கள், முப்பரிமாணப் படம் காட்டுங்கள். ஒரு மணி நேரமாவது ஓடட்டும். இறுதியில் நிற்கும் மிகப்பெரிய எண்ணே உங்கள் கணினியின் மதிப்பெண். நானோ வினாடியில் வரும். 20,000க்குள் இருந்தால் பேரலல் போர்ட் வழியாகக் கணினியே துடிப்புகளை அனுப்பலாம். 30,000 முதல் 50,000 வரை என்றால் வேலை நடக்கும், வேகம் குறையும். ஒரு லட்சத்தைத் தாண்டினால் அந்தக் கணினி துடிப்பு அனுப்பும் வேலைக்கு ஆகாது.

இந்த எண் விலையைப் பொறுத்தது அன்று. யாரோ கழித்துப் போட்ட அலுவலகக் கணினி நன்றாகத் தேறும். விலையுயர்ந்த மடிக்கணினி தோற்கும். மடிக்கணினி மின்கலத்தையும் வெப்பத்தையும் பார்த்துக்கொள்ள, இயங்குதளத்தைக் கேட்காமலேயே செயலியை நிறுத்திவைக்கும் வழக்கம் உடையது. எந்தக் கெர்னலும் அதைத் தடுக்க முடியாது. பயாஸில் மின்சேமிப்பு வசதிகளை அணைத்துப் பாருங்கள், எண் இறங்கலாம். இறங்காவிட்டால் வேறு கணினி தேடுங்கள், அல்லது மேசா போன்ற தனிப் பலகை ஒன்றை வாங்குங்கள். அது துடிப்புகளைத் தானே உண்டாக்கும். கணினி ஆயிரத்தில் ஒரு வினாடிக்கு ஒருமுறை கட்டளை கொடுத்தால் போதும். ஈதர்நெட் கம்பியில் நேராக இணைக்கும் வகையும் உண்டு. யூ.எஸ்.பி.யைப் பேரலல் போர்ட்டாக மாற்றும் மலிவு விலைக் கம்பியை யாரேனும் விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். இந்த வேலைக்கு அது பயன்படாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அவசர நிறுத்தப் பொத்தானைக் கணினியோடு மட்டும் இணைத்துவிட்டுப் போகும் பழக்கம் இருக்கிறது. டெபியனாகட்டும் வேறெதுவாகட்டும், கணினி உறைந்துபோனால் அந்தப் பொத்தான் வெறும் சிவப்புப் பிளாஸ்டிக். மோட்டாருக்கும் சுழலிக்கும் போகும் மின்சாரத்தையே அது துண்டிக்க வேண்டும். பதினெட்டு வயதில் வேலைக்குச் சேரும் பிள்ளை இதைக் கேட்டுப் பார்க்கத் தெரியாதவன். முதலாளிதான் கேட்க வேண்டும்.

எல்லாம் சரியாக ஓடத் தொடங்கியபின் அந்தக் கணினியை விட்டுவிடுங்கள். இணையம் வேண்டாம், தானியங்கி மேம்படுத்தல் வேண்டாம், ஓய்வு நேரத்தில் படம் பார்க்கவும் வேண்டாம். கோப்புகளைப் பென்டிரைவில் கொண்டு போங்கள். "மூன்றாண்டுப் பழைய பதிப்பா வைத்திருக்கிறீர்கள்?" என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். கெர்னலை மாற்றினால் மறுபடியும் ஒரு மணி நேரச் சோதனை. அதற்கு அவர்கள் வந்து உட்காரப் போவதில்லை.

பட்டறை நடத்தும் அன்பர்களிடம் நான் கேட்பது ஒன்றே. யார் வந்து நிறுவினாலும் அந்தச் சோதனையை உங்கள் கண்முன் ஓட்டச் சொல்லி, வந்த எண்ணைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். மைத்துனர் அப்படித்தான் செய்தார். நிறுவ வந்த தம்பி முதலில் முகம் சுளித்தார். எழுதிக் கொடுத்த பிறகுதான் மீதிப் பணம் கிடைத்தது.