கோல் கீப்பர் ஒரே நாளில் முளைப்பதில்லை!

ஹாக்கி ஆட்டத்தில் ஒரு கட்சிக்கு 11 பேர். அவர்களில் 10 பேர் ஓடுகிறார்கள். ஒருவர் மட்டும் நிற்கிறார்.

அப்படி நிற்கிறவர்தான் கோல் கீப்பர்.

கோல் போட்டவரை ஜனங்கள் தோளில் தூக்கிக் கொண்டாடுகிறார்கள். கோல் விட்டவரைத் திட்டித் தீர்க்கிறார்கள். ஒன்பது பந்தைத் தடுத்திருப்பார். அது யார் நினைவிலும் இராது. பத்தாவது பந்து உள்ளே போய்விட்டால் போதும், அதை மட்டும் பத்து வருஷம் பேசுவார்கள்!

இப்படிப்பட்ட வேலைக்கு நாம் பிள்ளைகளை எப்படித் தயார் செய்கிறோம்? விளையாட்டுச் சங்கங்களும், பள்ளிக்கூடங்களும், அரசாங்க விளையாட்டு விடுதிகளும் யோசிக்க வேண்டிய விஷயம் இது. பெற்றோர்களும் யோசிக்க வேண்டும்.

அரை விநாடி வேலை

கோலின் அகலம் 12 அடி. உயரம் 7 அடி. பந்தின் எடை 160 கிராம் அளவு. கல் போன்ற பந்து. பெனால்டி கார்னரில் நல்ல ஆட்டக்காரர் அதைச் சுண்டி எறிந்தால் மணிக்கு 100 கிலோ மீட்டருக்கு மேல் பாயும். அவர் நிற்கும் தூரமோ ஏறக்குறைய 15 மீட்டர்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பந்து கோலுக்கு வந்து சேர அரை விநாடி! அதற்குள் பந்து எந்தப் பக்கம் வருகிறது என்று பார்க்க வேண்டும். கையா, காலா, மட்டையா என்று முடிவு செய்ய வேண்டும். உடம்பையும் அசைக்க வேண்டும்.

இது ஒரு மாதத்தில் வருகிற வித்தை அல்ல. திருத்தணி மலைக்கு 365 படி என்று சொல்வார்கள். முதல் படியில் கால் வைத்தவன் அடுத்த நிமிஷம் சந்நிதியில் நிற்க முடியுமா? ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும். கோல் கீப்பரும் அப்படித்தான்.

ஓடத் தெரியாதவனுக்கா?

ஆனால் பல பள்ளிக்கூடங்களில் நடப்பது என்ன? நன்றாக ஓடுகிற பையனை முன்னால் நிறுத்துகிறார்கள். நன்றாகத் தடுக்கிறவனைப் பின்னால் நிறுத்துகிறார்கள். கடைசியில் ஒருவன் மிஞ்சுகிறான். அவன் கொஞ்சம் பருமன். அல்லது மெதுவாக ஓடுகிறவன். "நீ போய்க் கோலில் நில்!" என்கிறார்கள்.

கோவிலுக்குப் போகிறவர்கள் துவாரபாலகர்களைப் பார்த்திருப்பார்கள். எவ்வளவு உயரம்! எவ்வளவு கம்பீரம்! வாசலைக் காக்க வலுவானவனைத்தான் நிறுத்த வேண்டும் என்பது நம் முன்னோருக்குத் தெரிந்திருக்கிறது. விளையாட்டு மைதானத்தில் மட்டும் அதை ஏன் மறந்தோம்?

பசுவை விற்ற தந்தை

கேரளத்தைப் பாருங்கள். எர்ணாகுளம் பக்கத்தில் கிழக்கம்பலம் என்று ஒரு கிராமம். அங்கே பிறந்தவர் ஸ்ரீஜேஷ். 12 வயதில் திருவனந்தபுரம் ஜி.வி.ராஜா விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே இருந்த பயிற்சியாளர்தான் அவரைக் கோலில் நிற்கச் சொன்னார்.

கோல் கீப்பருக்கு வேண்டிய சாமான்கள் கொஞ்சமா? தலைக்கவசம், கழுத்துக்குக் காப்பு, மார்புக் கவசம், இரண்டு கைக்கும் உறை, கால்களுக்குத் தடித்த பேடு, பாதத்துக்கு மேல் கிக்கர். மற்றப் பையனுக்கு ஒரு மட்டையும் ஒரு ஜோடி பூட்ஸும் இருந்தால் போதும். கோல் கீப்பருக்கு ஆகும் செலவு அதைப்போல் பல மடங்கு.

ஸ்ரீஜேஷின் தந்தை ஒரு விவசாயி. கையில் பணம் இல்லை. வீட்டில் இருந்த பசுவை விற்று மகனுக்குப் பேடு வாங்கிக் கொடுத்தார்.

அந்தப் பசு வீண் போகவில்லை! 2021-ம் ஆண்டு டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கத்துக்காக இந்தியாவும் ஜெர்மனியும் மோதின. இந்தியா 5, ஜெர்மனி 4. ஆட்டம் முடியச் சில விநாடிகளே இருந்தன. ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. ஸ்ரீஜேஷ் தடுத்தார். 41 ஆண்டுகளுக்குப் பிறகு ஹாக்கியில் இந்தியாவுக்கு ஒலிம்பிக் பதக்கம்! 2024-ல் பாரிஸிலும் வெண்கலம் கிடைத்தது. அதோடு அவர் ஓய்வு பெற்றார். 2025-ல் பத்மபூஷண் விருது அவரைத் தேடி வந்தது.

கதை நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி. ஒரு பையன் கோலில் நிற்க ஒவ்வொரு தகப்பனும் பசுவை விற்க வேண்டுமா? பசு இல்லாத வீட்டுப் பையன் என்ன செய்வான்?

இன்னொன்றும் கவனியுங்கள். ஸ்ரீஜேஷ் இந்திய அணியில் முதலில் ஆடியது 2006-ல். ஆனால் உடனே நிலையான இடம் கிடைக்கவில்லை. பல ஆண்டு காத்திருந்தார். அந்த நாட்களில் யாராவது "இவன் வேண்டாம்" என்று ஒரேயடியாக ஒதுக்கியிருந்தால் டோக்கியோவில் அந்தப் பந்தை யார் தடுத்திருப்பார்கள்?

ஒரு நாள் தோல்வி, ஊரெல்லாம் பழி

ஒதுக்கப்பட்டவரும் உண்டு. 1982-ம் ஆண்டு டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. ஹாக்கி இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தான் 7 கோல் போட்டது. இந்தியா போட்டது ஒன்றே ஒன்று. அன்று கோலில் நின்றவர் மீர் ரஞ்சன் நேகி.

ஏழு கோலுக்கும் ஒரே மனிதர் தலையில் பழி விழுந்தது. பணம் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார் என்றுகூடப் பேசினார்கள். அவர் மனம் உடைந்து ஒதுங்கினார்.

பிறகு என்ன நடந்தது? 1998-ல் பாங்காக்கில் ஆசிய விளையாட்டுப் போட்டி. தன்ராஜ் பிள்ளை தலைமையில் இந்தியா தங்கம் வென்றது. இறுதி ஆட்டம் பெனால்டி அடிகளில் முடிந்தது. கோலில் நின்று காப்பாற்றியவர் ஆஷிஷ் பல்லால். அந்த அணியின் கோல் கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் யார் தெரியுமா? அதே நேகிதான்!

பழி சுமந்தவரிடம் பாடம் இருந்தது. அதைக் கேட்க நாட்டுக்குப் பல ஆண்டு பிடித்தது.

பெஞ்சில் உட்காரும் இரண்டாமவர்

முன்னால் ஆடுகிறவர்கள் மாறி மாறி மைதானத்தில் இறங்கலாம். கோலில் நிற்பவர் ஒருவரே. இரண்டாவது கோல் கீப்பர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வெளியே உட்கார வேண்டியதுதான்.

இதற்கு உதாரணம் நமக்கு அண்டை வீட்டிலேயே இருக்கிறது. திருத்தணி முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1960 ஏப்ரல் 1-ந் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. அந்தப் பழைய சித்தூர் மாவட்டத்தில் ஒரு சின்னக் கிராமத்தில் பிறந்தவர் ரஜனி எடிமர்ப்பு. இந்தியப் பெண்கள் அணியின் கோல் கீப்பர்.

அவருடைய காலத்தில்தான் அரியானாவின் சவிதா புனியாவும் ஆடினார். சவிதா உலகத்தின் சிறந்த கோல் கீப்பர் என்று பெயர் வாங்கியவர். ஆகவே டோக்கியோ ஒலிம்பிக்கில் ரஜனிக்குக் கிடைத்தது மாற்று ஆட்டக்காரர் இடம்தான். அவர் சளைக்கவில்லை. 2024 ஜனவரியில் மஸ்கட்டில் ஐவர் ஹாக்கி உலகக் கோப்பை நடந்தது. இந்தியப் பெண்கள் அணிக்கு ரஜனியே காப்டன். அந்த அணி வெள்ளிப் பதக்கம் வாங்கியது.

எத்தனை பெண்களுக்கு இந்தப் பொறுமை இருக்கும்? எத்தனை சங்கங்கள் இரண்டாமவரை இத்தனை வருஷம் கைவிடாமல் வைத்திருக்கும்?

ஆண்கள் அணியில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஸ்ரீஜேஷ் ஆடிக்கொண்டிருந்தபோதே கிருஷண் பாதக் என்ற இளைஞருக்கும் நிறைய வாய்ப்புக் கொடுத்தார்கள். சில ஆட்டங்களில் ஒருவர் ஒரு கால் பகுதி, மற்றவர் அடுத்த கால் பகுதி என்று மாற்றி மாற்றி நிற்க வைத்தார்கள். பாரிஸ் ஒலிம்பிக்குக்கு 16 பேர் கொண்ட அணி போனது. அதில் கோல் கீப்பர் ஒருவர்தான். பாதக் வெளியே காத்திருந்தார்.

ஸ்ரீஜேஷ் விலகினார். கோல் காலியாகவில்லை. 2025 செப்டம்பரில் பீகாரில் ராஜ்கிரில் நடந்த ஆசியக் கோப்பையை இந்தியா வென்றது. பாதக்கும் சூரஜ் கர்கேராவும் கோலைக் காத்தார்கள். தகப்பன் இருக்கும்போதே மகனுக்குத் தொழில் கற்றுக் கொடுத்தது போல!

அயல்நாட்டில் எப்படி?

கனடாவிலும் அமெரிக்காவிலும் பனிக்கட்டித் தரையில் ஒரு வகை ஹாக்கி ஆடுகிறார்கள். அங்கே பெரிய கழகங்கள் 18 வயதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கின்றன. ஆனால் கோல் கீப்பரை உடனே பெரிய ஆட்டத்தில் இறக்குவது அபூர்வம். இரண்டாம் நிலைப் பந்தயங்களில் சில வருஷம் ஆட விடுகிறார்கள். அடி படட்டும், பழகட்டும் என்று காத்திருக்கிறார்கள். பணம் போட்டவர்களே பொறுமையாக இருக்கிறார்கள்!

நம் ஹாக்கி இந்தியா சங்கமும் நெதர்லாந்திலிருந்து டென்னிஸ் வான் டி போல் என்ற பயிற்சியாளரை வரவழைத்தது. பெங்களூரில் கோல் கீப்பர்களுக்கென்றே தனி முகாம் நடத்தியது. நல்ல ஆரம்பம். ஆனால் பெங்களூர் முகாமுக்குப் போகிறவர் ஏற்கெனவே மேலே வந்துவிட்டவர். கீழே, 12 வயதில், ஒரு சின்ன ஊர் மைதானத்தில் நிற்கிற பையனுக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

தமிழ்நாடு என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில் ஹாக்கிக்குக் குறைவில்லை. 1980-ல் மாஸ்கோவில் தங்கம் வாங்கிய இந்திய அணியின் காப்டன் நம் பாஸ்கரன். கோவில்பட்டியில் ஹாக்கி ஒரு திருவிழா. அங்குள்ள அரசு விளையாட்டு விடுதியில் பயின்ற அரியலூர் கார்த்தி இந்திய அணியில் ஆடியிருக்கிறார். 2025 நவம்பர், டிசம்பர் மாதங்களில் இளையோர் உலகக் கோப்பையே சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. கால் இறுதியில் இந்தியாவும் பெல்ஜியமும் சமமாக நின்றன. கடைசியில் ஷூட்-அவுட். இந்தியாவைக் கரை சேர்த்தவர் இளம் கோல் கீப்பர் பிரின்ஸ்தீப் சிங். இந்தியா வெண்கலம் வாங்கியது. அந்த அணியின் பயிற்சியாளர் வேறு யாரும் அல்ல, ஸ்ரீஜேஷ்தான்!

ஆனால் தமிழ்நாட்டு ஹாக்கி வீரர்களின் பெயர்களைச் சொல்லச் சொல்லுங்கள். ஓடி ஆடியவர்களின் பெயர்கள் வரிசையாக வரும். கோல் கீப்பர் பெயர் கேட்டால் கொஞ்சம் தலையைச் சொறிய வேண்டியிருக்கிறது. மைதானம் வந்துவிட்டது, மக்கள் வந்துவிட்டார்கள். வாசலைக் காக்கிறவன் மட்டும் இன்னும் வரவில்லை.

அதற்கு நான்கு காரியங்கள் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

ஒன்று: கோல் கீப்பர் சாமான்களைப் பள்ளியும் விடுதியும் வாங்கி வைக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்குச் சின்ன அளவு. வளர்ந்தவனுக்குப் பெரிய அளவு. அண்ணனுடைய பேடைத் தம்பி கட்டிக்கொண்டால் அவனால் காலைத் தூக்கவே முடியாது.

இரண்டு: மாவட்டத்துக்கு ஒரு கோல் கீப்பர் பயிற்சியாளர் வேண்டும். ஓய்வு பெற்ற கோல் கீப்பர்களைத் தேடிப் பிடிக்கலாம். வாரத்தில் ஒரு நாள் வந்தாலும் போதும்.

மூன்று: இரண்டாவது கோல் கீப்பருக்கும் ஆட்டம் கொடுக்க வேண்டும். பள்ளிப் பந்தயங்களில் பாதி நேரம் ஒருவர், பாதி நேரம் மற்றவர் என்று வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

நான்கு: ஒரு ஆட்டத்தில் கோல் விட்டதற்காகப் பிள்ளையைத் தள்ளிவிடக் கூடாது. ஒரு வருஷம் முழுதும் பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும்.

"ஒரு பையனுக்காக இவ்வளவு செலவா?" என்று சிலர் கேட்கலாம். செலவு ஒரு பையனுக்கு அல்ல. பேடு பத்துப் பையன்களுக்கு உழைக்கும். கோல் கீப்பர் சரியில்லை என்றால் மற்றப் பத்துப் பேர் சிந்திய வியர்வையும் வீணாகிறதே, அந்த நஷ்டத்தை யார் கணக்குப் பார்ப்பது?

வயது போன பின்னும்

1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு எதிராக ஒரு கோல்கூட விழவில்லை. அன்று இந்தியாவின் கோல் கீப்பர் சங்கர் லட்சுமணன். 1964-ல் டோக்கியோவிலும் அவர் காவலில் தங்கம் வந்தது. கடைசிக் காலத்தில் அவர் வறுமையிலும் நோயிலும் வாடி 2006-ல் காலமானார். கண்ணூரில் பிறந்த மானுவல் பிரடெரிக் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார். அரசாங்கம் அவருக்குத் தயான்சந்த் விருது கொடுத்தது 2019-ல். 47 ஆண்டு கழித்து! 2025 அக்டோபரில் அவரும் மறைந்தார்.

இதைப் பார்க்கும் தாய் தன் மகனைக் கோலில் நிற்கச் சொல்வாளா? சங்கங்கள் பிள்ளைகளைக் கேட்கும் முன்பு, ஆடி முடித்தவர்களை எப்படி வைத்திருக்கிறோம் என்று காட்ட வேண்டும். படிப்பும் பிறகு ஒரு வேலையும் உண்டு என்று தெரிந்தால் பெற்றோர்கள் தயங்க மாட்டார்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. திருத்தணியிலிருந்து மின்சார ரயில் ஏறினால் சென்னைக்குப் போய் எழும்பூர் ஹாக்கி மைதானத்தில் ஆட்டம் பார்த்துத் திரும்பலாம். பிள்ளைகளை ஒரு முறை அழைத்துப் போங்கள். பந்து போகிற பக்கம் பார்க்காதீர்கள். கோலில் நிற்பவரைப் பாருங்கள். பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போதும் அவர் சும்மா நிற்கவில்லை. கத்தி, கை காட்டி, பத்துப் பேரையும் நிறுத்துகிற இடத்தில் நிறுத்துகிறார்.

"அப்பா, நானும் அங்கே நிற்கட்டுமா?" என்று உங்கள் பிள்ளை கேட்டால் சிரிக்காதீர்கள். "நில்லு கண்ணே!" என்று சொல்லுங்கள். அவன் காலுக்குப் பேடு வாங்கிக் கொடுக்கும் பொறுப்பை நாடு ஏற்கட்டும். உங்கள் பசு உங்கள் வீட்டுத் தொழுவத்திலேயே இருக்கட்டும்!