புது கேமராவா? பில் போடுறதுக்கு முன்னாடி மேனுவலைப் படிங்க



போனஸ் வர்ற மாசம் ஆச்சுன்னா எனக்கு ஒரே மாதிரி கேள்விகள்தான் வரும். "அண்ணா, 70,000 ரூபாய்க்குள்ள எந்த கேமரா வாங்கலாம்? நோ காஸ்ட் இஎம்ஐ போட்டுடலாமா?"

நான் திருப்பி ஒரு கேள்விதான் கேட்பேன். "நீங்க மனசுல வச்சிருக்கிற கேமராவோட மேனுவலைப் படிச்சீங்களா?"

கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம், "நான் இன்னும் வாங்கவே இல்லையே அண்ணா" அப்படின்னு பதில் வரும். வாங்கலைங்கறதாலதான் கேட்கிறேன்.

மேனுவல்ங்கறது வாங்கின பிறகு, ஏதாவது கெட்டுப்போனா தேடுற புத்தகம்னு நாம நினைச்சுட்டு இருக்கோம். என் கருத்து நேர் எதிர். கேமரா விஷயத்துல மேனுவல் ஒரு கொள்முதல் ஆவணம். பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை, கட்டின பிறகு முக்கியமான நாளுக்கு முன்னாடி ஒரு தடவை படிக்கணும். இதை நான் புத்திசாலித்தனமா கண்டுபிடிக்கலை. தப்பு பண்ணித்தான் கத்துக்கிட்டேன்.

ஆச்சியோட 29 நிமிடம் 59 நொடி

2017 பொங்கல். சிஏ முடிச்சு வேலைக்குப் போக ஆரம்பிச்சிருந்த நேரம். நண்பர் ஒருத்தர்கிட்ட இருந்து செகண்ட் ஹேண்டா ஒரு டிஎஸ்எல்ஆர் வாங்கிட்டு, அம்பாசமுத்திரத்துல எங்க ஆச்சி வீட்டுக்குப் போனேன்.

ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா எங்க தெருவுல பல வருஷமா சீட்டு நடத்தினவங்க. கணக்கு எல்லாம் அடுக்களைச் சுவத்துல கரிக்கோடுதான். யார் எத்தனை தவணை கட்டினாங்க, யார் எடுத்தாங்க, யாருக்குத் தள்ளி விட்டது, எல்லாம் அந்தக் கோட்டுல இருக்கும். ஒருத்தர் பணமும் முழுகினது இல்லைன்னு ஊருல சொல்லுவாங்க. அஞ்சு வருஷம் அக்கவுண்ட்ஸ் படிச்ச பேரனுக்கு அந்தக் கணக்கு எப்படி நின்னுச்சுன்னு தெரிஞ்சுக்கணும்னு ஆசை. அதை வீடியோவா எடுத்து வைக்கணும்னுதான் கேமராவே வாங்கினேன்.

முற்றத்துல ஸ்டாண்டை வச்சு, பட்டனை அமுக்கிட்டு, ஆச்சி எதிர்ல போய் உட்கார்ந்துட்டேன். முதல்ல கல்யாணம் ஆகி வந்த கதை, தாத்தா இறந்த கதை. அப்புறம்தான் சீட்டுக்கு வந்தாங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல பேசினாங்க. கடைசியில "போதுமா ராசா?"ன்னு கேட்டாங்க. போதும் ஆச்சின்னு சொன்னேன்.

ராத்திரி சென்னைக்குத் திரும்புற ரயில்ல லேப்டாப்புல போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு ஃபைல். நீளம் 29 நிமிடம் 59 நொடி. தாத்தா இறந்த கதையோட முடிஞ்சிருந்தது. சீட்டுக் கதை ஒரு வார்த்தை இல்லை.

கார்டுல இடம் இருந்தது. பேட்டரி பாதிக்கு மேல இருந்தது. கேமராவை வித்த நண்பர் மேல கோபம் வந்தது. அப்புறம்தான் கம்பெனி தளத்துல மேனுவலைத் தேடி எடுத்தேன். வீடியோ பகுதியிலேயே தெளிவா இருந்தது: ஒரு கிளிப்புக்கு அதிகபட்சம் 29 நிமிடம் 59 நொடி. அதுக்கு மேல தானாக நின்னுடும். மறுபடி பட்டனை அமுக்கினா அடுத்த கிளிப் ஆரம்பிக்கும். கேமராவுல ஒரு பழுதும் இல்லை.

தீபாவளிக்கு வந்து திரும்ப எடுத்துக்கலாம்னு நினைச்சேன். ஆவணியில ஆச்சி போயிட்டாங்க.

இதுல எனக்கு இன்னும் உறுத்துற ஒரு விஷயம் இருக்கு. அந்த 29 நிமிடம் 59 நொடி எங்கிருந்து வந்தது தெரியுமா? ஐரோப்பாவோட சுங்க வரி விதியில இருந்து. தொடர்ச்சியா 30 நிமிடமோ அதுக்கு மேலயோ பதிவு பண்ணக்கூடிய கருவியை அவங்க வீடியோ கேமரான்னு வகைப்படுத்தி வரி போட்டாங்க. போட்டோ கேமராவுக்கு அந்த வரி இல்லை. அதனால பல கம்பெனிகள் ஒரு நொடி குறைச்சு நிறுத்திட்டாங்க. உலகம் பூரா விக்கிற மாடல்லயும் அதே வரம்புதான் வந்தது. இப்போ வர்ற பல மாடல்கள்ல இது இல்லை. வரிச் சட்டம் படிக்கிறதே தொழிலா இருக்கிறவன் நான். என் ஆச்சி கதையை ஒரு வரி வகைப்பாடு பாதியில நிறுத்தியிருக்கு. அதை எனக்குச் சொல்ல ஒரு வரி எழுதியும் வச்சிருந்தாங்க. நான்தான் படிக்கலை.

"யூடியூப்ல பார்த்துக்கலாமே?"

நானே சேனல் வச்சிருக்கேன், அதனால இதைச் சொல்ற தகுதி எனக்கு உண்டு. ரிவ்யூ வீடியோக்கள் உபயோகமானவை. கலர் எப்படி இருக்கு, கையில பிடிக்க எப்படி இருக்கு, இதெல்லாம் மேனுவல்ல கிடைக்காது. ஆனா ரிவ்யூ பண்றவர் பல நேரம் அந்த கேமராவைக் கொஞ்ச நாள்தான் வச்சிருப்பார். கீழே டிஸ்கிரிப்ஷன்ல அஃபிலியேட் லிங்க் இருக்கும். நீங்க வாங்கினா அவருக்குக் கமிஷன். அது தப்பு இல்லை. ஆனா அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் பார்க்கணும்.

ஆர்ட்டிகிள்ஷிப்ல எங்க பிரின்சிபல் ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்தார். ஒரு கம்பெனியோட ஆண்டறிக்கை கையில வந்தா, முன்பக்கம் இருக்கிற சேர்மன் உரையையும் பளபளப்பான படங்களையும் தாண்டிப் போ. பின்னாடி சின்ன எழுத்துல இருக்கிற நோட்ஸைப் படி. கம்பெனி சொல்ல விரும்புறது முன்னாடி இருக்கும், சொல்லியே ஆகணும்னு இருக்கிறது பின்னாடி இருக்கும்.

கேமராவுக்கு விளம்பரமும் ரிவ்யூவும் சேர்மன் உரை. மேனுவல்தான் நோட்ஸ். "இந்தச் சூழ்நிலையில இது வேலை செய்யாது"ன்னு கம்பெனியே எழுதித் தர்ற ஒரே இடம் அது.

இன்னொரு வாதமும் வரும்: "போட்டோ எடுத்து எடுத்துத்தான் கத்துக்கணும், படிச்சு இல்ல." ஒத்துக்கிறேன். படம் எடுக்கிற கலை கையாலதான் வரும். ஆனா கேமரா எப்போ நின்னுபோகும்ங்கறதை அனுபவத்துல கத்துக்கிட்டா, அந்த அனுபவத்துக்கு விலை ஒரு கல்யாணமோ ஒரு ஆச்சியோவா இருக்கலாம்.

வாங்குறதுக்கு முன்னாடி: அரை மணி நேரம்

இப்போ கேமரா பெட்டிக்குள்ள பெரும்பாலும் மெல்லிசா ஒரு ஆரம்பக் கையேடுதான் இருக்கும். முழு மேனுவல் கம்பெனி தளத்துல இலவசம். சோனி, கேனான், நிக்கான் எல்லாமே ஆன்லைன்ல வச்சிருக்காங்க. கேமரா வாங்கியிருக்கணும்னு அவசியமே இல்லை, மாடல் பேர் போட்டா வந்துடும். பல நூறு பக்கம் இருக்கும். பயப்படாதீங்க, முழுசா படிக்கச் சொல்லலை. இந்த நாலைத் தேடுங்க.

1. தொடர் பதிவு நேரம். ஒரு கிளிப் எவ்வளவு நேரம் ஓடும், சூடானா என்ன ஆகும்னு பாருங்க. கூடவே இயங்கும் வெப்பநிலையும் இருக்கும். பெரும்பாலான கேமராக்களுக்கு அது 0 முதல் 40 டிகிரி செல்சியஸ். சென்னை, வேலூர் வெயில் மே மாசத்துல 40-ஐத் தாண்டும். வெளியில வெயில்ல ஷூட் பண்றது உங்க திட்டம்னா இந்த ஒரு வரி உங்க முடிவையே மாத்தலாம்.

2. வீடியோ அட்டவணை. பெட்டி மேல "4கே 60" அப்படின்னு கொட்டை எழுத்துல போட்டிருப்பாங்க. சில மாடல்கள்ல அந்த மோடுக்குப் போனா ஓரமெல்லாம் வெட்டுப்பட்டு ஃப்ரேம் சுருங்கிடும். சின்ன ரூம்ல உட்கார்ந்து வீடியோ எடுக்கிறவங்களுக்கு அப்புறம் தனியா ஒரு வைட் லென்ஸ் தேவைப்படும். அது உங்க பட்ஜெட்ல இல்லாத செலவு.

3. மெமரி கார்டு அட்டவணை. எந்த ஃபார்மேட்டுக்கு எந்த வேகக் கார்டு வேணும்னு இருக்கும். வி30 கார்டுன்னா நொடிக்குக் குறைஞ்சது 30 எம்பி எழுதும். அதுக்கு மேல கேட்கிற மோடும் உண்டு, அந்தக் கார்டோட விலை வேற. 70,000 பட்ஜெட்னு சொல்லும்போது கார்டு, இன்னொரு பேட்டரி, மைக் எல்லாத்தையும் சேர்த்துச் சொல்லுங்க.

4. எந்தப் பக்கம் என்ன ஓட்டை இருக்கு. பாகங்களோட படம் போட்ட பக்கத்தைப் பாருங்க. மைக் ஜாக் இருக்கா? ஹெட்ஃபோன் ஜாக் இருக்கா? பேட்டரிக் கதவு ஸ்டாண்டுல மாட்டின பிறகும் திறக்குமா? இதெல்லாம் ஒரே படத்துல தெரிஞ்சிடும்.

இதை ஏன் முன்னாடியே பார்க்கணும்னு சொல்றேன்? ஆன்லைன்ல கேமராவுக்குப் பல இடத்துல ரிட்டர்ன் கிடையாது, சில நாளுக்குள்ள ரீப்ளேஸ்மென்ட் மட்டும்தான். அதுவும் பழுது இருந்தா. "எனக்கு ஹெட்ஃபோன் ஜாக் வேணும், இதுல இல்லை"ங்கறது பழுது இல்லை. அதுக்கப்புறம் நோ காஸ்ட் இஎம்ஐ மட்டும் ஓடிட்டே இருக்கும். அதுலயும் பிராசசிங் ஃபீ, வட்டிப் பகுதி மேல 18% ஜிஎஸ்டின்னு பேர்ல இல்லாத காஸ்ட் வேற உண்டு.

வாங்கின பிறகு: முதல் வாரத்துல ஒரு சாயங்காலம்

இந்தத் தடவை கேமரா கையில, மேனுவல் எதிர்ல.

கார்டு இல்லாம ஷட்டர் வேலை செய்யுமான்னு ஒரு செட்டிங் இருக்கும். பல கேமராக்கள்ல அது வேலை செய்ற மாதிரிதான் வரும். கடையில கார்டு போடாம காட்டுறதுக்கு வசதி. உங்களுக்கு அது ஆபத்து. கார்டை லேப்டாப்புலயே விட்டுட்டு நிச்சயதார்த்தத்துக்குப் போய், டிக் டிக்னு எடுத்துட்டு, ஒரு படமும் இல்லாம வந்தவங்க உண்டு. முதல் நாளே அதை ஆஃப் பண்ணிடுங்க.

சூட்டுக்கான செட்டிங்கையும் பாருங்க. உதாரணமா, சோனியோட பல மாடல்கள்ல "ஆட்டோ பவர் ஆஃப் டெம்ப்" அப்படின்னு ஒண்ணு இருக்கு. ஸ்டாண்டர்ட், ஹை என ரெண்டு நிலை. ஹைல வச்சா அதிக நேரம் ஓடும். ஆனா கேமரா சூடாகும், கையில பிடிக்காம ஸ்டாண்டுல வைங்கன்னு மேனுவலே எச்சரிக்கும். இது தெரியாம "என் கேமரா இருபது நிமிஷத்துல நின்னுடுது, மாத்தணும்"னு கிளம்புறவங்க நிறைய.

அப்புறம் திரையில வர்ற எச்சரிக்கைக் குறிகள், வாரண்டி எதுக்கெல்லாம் பொருந்தாது, இந்த ரெண்டையும் ஒரு தடவை பார்த்துட்டு, பில்லை ஸ்கேன் பண்ணி வச்சுடுங்க. அவ்ளோதான். மீதிப் பக்கங்களைத் தேவைப்படும்போது தேடிக்கலாம். கேமரா முகவரிப் புத்தகத்துல இருக்கிற எல்லா ஊரையும் மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை.

34,000 ரூபாய் சக்கரம்

எங்க ஆபீஸ்ல ஒரு தம்பி. 72,000 ரூபாய்க்கு கேமரா வாங்கி அஞ்சு மாசம் ஆகியிருந்தது. இஎம்ஐ பாதி கூட முடியலை. வியூஃபைண்டர்ல பார்த்தா எல்லாம் மங்கலா தெரியுது, ஃபோகஸ் சரியில்லை, எக்ஸ்சேஞ்சுல கொடுத்துட்டு அடுத்த மாடல் போறேன்னு சொன்னான். கடையில 38,000 ரூபாய்க்கு எடுத்துக்கிறேன்னு சொல்லியிருந்தாங்க.

"கொண்டு வாடா"ன்னேன். வியூஃபைண்டர் பக்கத்துல ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும். டையாப்டர். நம்ம கண் பவருக்கு ஏத்த மாதிரி சரி பண்ணிக்கிறது. பையில போட்டு எடுக்கும்போது அது திரும்பியிருந்தது. திருப்பிக் கொடுத்தேன், பளிச்சுன்னு தெரிஞ்சது. பாகங்களோட படத்துலயே அது இருக்கு. 72,000-ல 38,000 போனா 34,000. ஒரு சக்கரத்துக்கு அவன் கொடுக்க இருந்த விலை அது. அந்தப் பணம் இப்போ எஸ்ஐபியில போகுதுன்னு நினைக்கிறேன். கேட்டா சிரிக்கிறான்.

நம்ம பணம் கையை விட்டுப் போறதுல ஒரு பகுதி, பொருள் மோசங்கறதால போறது இல்லை. இருக்கிற பொருளை முழுசா தெரிஞ்சுக்காம அடுத்ததுக்குத் தாவுறதால போகுது. அப்கிரேடு வேணும்னு தோணும்போது நான் இப்போ எனக்கே ஒரு விதி வச்சிருக்கேன். எனக்கு என்ன குறைன்னு ஒரு வரியில எழுதணும். அந்தக் குறைக்கு இப்ப இருக்கிற கேமராவோட மேனுவல்ல பதில் இல்லைன்னு உறுதி ஆகணும். அதுக்கப்புறம்தான் விலை பார்ப்பேன்.

இந்தப் பழக்கம் கேமராவோட நிக்காது. இன்சூரன்ஸ் பாலிசி வந்தா 30 நாள் ஃப்ரீ லுக் காலம் இருக்கு. அதுக்குள்ள படிச்சுட்டு, பிடிக்கலைன்னா திருப்பிக் கொடுக்கலாம். பேங்க்ல லோன் வாங்கினா முக்கிய விவர அறிக்கைன்னு ஒண்ணு தரணும். ரெண்டையுமே நம்மல்ல பலர் திறந்து பார்க்கிறதில்லை. கேமரா மேனுவலை உட்கார்ந்து படிக்கப் பழகினவன் அதையும் படிப்பான்.

இந்த வாரம் ஒரு வேலை தர்றேன். கார்ட்டுல போட்டு வச்சிருக்கிற கேமராவோட மேனுவலை இன்னைக்கு ராத்திரி டவுன்லோட் பண்ணி, மேல சொன்ன நாலையும் பாருங்க. அதுக்கப்புறமும் வாங்கணும்னு தோணினா தாராளமா வாங்குங்க. ஏற்கனவே கேமரா இருந்தா, பீரோவுல இருந்து எடுத்து, சார்ஜ் போட்டு, ஒரு சாயங்காலம் ஒதுக்குங்க. அப்புறம் ஊருக்குப் போய் உங்க ஆச்சியையோ தாத்தாவையோ பேச வைங்க. அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து, சிவப்புப் புள்ளி எரியுதான்னு மட்டும் பார்த்துக்கோங்க.

அடுத்த வீடியோவுல சந்திப்போம்.