எக்ஸிமா... அழுக்கு காரணமல்ல!

‘ஒழுங்கா குளிச்சா இதெல்லாம் வராது’ - எக்ஸிமா இருப்பவர்களுக்குச் சலித்துப்போன அட்வைஸ் இது. ஆனால், அறிவியல் சொல்வது வேறு.

எக்ஸிமா பாதித்த தோலில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா பெரும்பாலும் அதிகமாகக் குடியிருக்கும். அது சுரக்கும் டெல்டா டாக்சின் என்ற நச்சு, தோலின் மாஸ்ட் செல்களைத் தூண்டி அழற்சியைக் கூட்டுவதாக மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். சுண்டெலிகளில் நடந்த ஆய்வு அது. அந்த நச்சைச் சுரக்க முடியாத அதே பாக்டீரியாவை வைத்தபோது, பாதிப்பு வெகுவாகக் குறைந்தது.

எலிக்கு நடந்தது மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஒன்று புரிகிறது: சோப்பு போட்டு அழுத்தித் தேய்ப்பதோ, மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக் க்ரீமை இஷ்டத்துக்குப் பூசுவதோ தீர்வல்ல. தோல் டாக்டரைப் பார்ப்பதே சரி. அட்வைஸ் பண்றவங்க கொஞ்சம் நிறுத்திக்கலாம்!