தார்னின் ஆணையும் மரக்கிளைச் சோறும்

“பிரிட்டிஷ் அரசு இரக்கமுள்ளது, அதனால்தான் அகிம்சை பலித்தது” என்கிறார்கள். 1930 மே 21 அன்று, உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது தராசனாவில், தடுக்கக் கையைக்கூடத் தூக்காமல் நின்றவர்களின் மண்டையைப் பூண் போட்ட லத்திகளால் பிளந்தது எந்த இரக்கம்?

நம் ஊர்க் கதையையே பாருங்கள். அதே ஆண்டு உப்பு வரியை எதிர்த்து, உப்பு அள்ள ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர்களோடு நடந்தபோது, அவர்களுக்குச் சோறும் இடமும் தருபவர்களுக்குச் சிறை என்று ஆணையிட்டார் தஞ்சை கலெக்டர் தார்ன். விருந்தோம்பலையே குற்றமாக்கிய அரசு அது. மக்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். யாரைக் கைது செய்வது? பட்டினி போட்டு அணியைக் கலைக்க நினைத்த ஆணை சாலையிலேயே செத்தது. ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளப்பட்டது.

உப்பு வரி உடனே ஒழியவில்லை, உண்மைதான். 1931 காந்தி–இர்வின் ஒப்பந்தத்தில் கடலோர மக்கள் தம் தேவைக்கு உப்பெடுக்கும் உரிமைதான் கிடைத்தது. இதைத் தோல்வி என்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: அதிகாரிக்குப் பணிய ஊரில் ஆளிருக்கும் வரைதான் ஆணைக்கு உயிர். துப்பாக்கி எடுத்திருந்தால் தார்னுக்கு வேலை எளிதாகியிருக்கும். யாரென்றே தெரியாமல் மரத்தில் சோறு கட்டியவர்களை எதிர்க்க அவருடைய ஆணையால் முடியவில்லை.