சுகரும் இல்ல, பிரஷரும் இல்ல... அப்புறம் ஏன் கிட்னி போச்சு?

1/
இன்னிக்கு கொஞ்சம் நீளமான இழை. விருதுநகர், சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் இருக்கிறவங்க, குறிப்பா வீட்டுல யாராவது பட்டாசு ஆபீசுக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ வேலைக்குப் போறவங்க, தயவுசெய்து கடைசி வரை படிங்க.

2/
நாற்பது வயசு கூட ஆகாத ஒரு அண்ணன். ரெண்டு வாரமா வாந்தி, பசியில்ல, கால் வீக்கம். "வாயுத் தொல்லை"ன்னு மருந்துக்கடையில மாத்திரை வாங்கிப் போட்டிருக்கார். ரத்தம் எடுத்துப் பார்த்தா கிரியாட்டினின் 9. ஸ்கேன்ல ரெண்டு சிறுநீரகமும் சுருங்கிப் போயிருக்கு. சுருங்கிப்போச்சுன்னா இது ரெண்டு வாரக் கதை இல்ல, பல வருஷக் கதைன்னு அர்த்தம்.

3/
அவர் மனைவி என்கிட்ட கேட்டாங்க: "சார், இவருக்கு சுகர் இருக்குன்னோ பிரஷர் இருக்குன்னோ யாரும் சொன்னதில்ல. பீடி, தண்ணி எதுவும் கிடையாது. அப்புறம் எப்படி சார் கிட்னி போகும்?"

நியாயமான கேள்வி. "சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும்தான் கிட்னியைக் கெடுக்கும்"னு மேடைக்கு மேடை சொன்னது நாங்கதானே. அது பொய் இல்ல. ஆனா முழு உண்மையும் இல்ல.

4/
அவர்கிட்ட வேலையைப் பத்திக் கேட்டேன். "ரூமுக்குள்ள ஃபேன் கிடையாது சார். தண்ணி குடிச்சா ஒன்னுக்குப் போகணும், போனா கை நின்னுரும். எண்ணிக்கைக்குத்தானே கூலி. சாயங்காலம் இடுப்பு வலிக்கும், ஒரு வலி மாத்திரை போட்டுக்குவேன்."

எத்தனை வருஷமா? "கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே சார்."

5/
இந்த ஊர்க்காரங்களுக்குத் தெரியும். பட்டாசு செய்யும் அறையில கரண்ட் இருக்கக் கூடாது. ஒரு சின்னப் பொறி போதும், எல்லாம் முடிஞ்சிரும். அது சரியான விதி, அதை மாத்தச் சொல்லல. ஆனா அதோட இன்னொரு பக்கம் என்ன? கத்திரி வெயில்ல, கரிசல் காட்டுக்கு நடுவுல, காத்தில்லாத அறையில ஒரு மனுஷன் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கான்.

6/
உடம்புக்குள்ள நடக்கிறது இதுதான். வியர்வையில தண்ணியும் உப்பும் போகுது. ரத்தத்தோட அளவு குறையுது. மூளையையும் இதயத்தையும் காப்பாத்த, உடம்பு சிறுநீரகத்துக்குப் போற ரத்தத்தைக் குறைக்குது. ஒரு நாள்னா ராத்திரியோட சரியாகிடும். அதே அடி தினமும், பத்துப் பதினஞ்சு வருஷம் விழுந்தா சின்னச் சின்னத் தழும்பா சேர்ந்துக்கிட்டே போகும்.

7/
அதுக்கு மேல டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை. தண்ணி வத்தின நேரத்துல சிறுநீரகத்துக்குக் கொஞ்சமாவது ரத்தம் போக உதவுறது ப்ராஸ்டாகிளாண்டின்ங்கிற பொருள். வலி மாத்திரை அதைத்தான் தடுக்குது. அதாவது வறண்டு கிடக்கிற கண்மாயோட மடையையும் அடைக்கிறோம்.

8/
"இதெல்லாம் உங்க யூகம்தானே டாக்டர்?"னு கேட்பீங்க. கேட்கணும். அதனால ஆய்வுகளுக்கு வருவோம்.

நிகரகுவா, எல் சால்வடோர் நாடுகள்ல கரும்பு வெட்டுற இளைஞர்கள் சுகரும் பிரஷரும் இல்லாமலே கூட்டம் கூட்டமா சிறுநீரகம் செயலிழந்து செத்தாங்க. இலங்கையில அனுராதபுரம், பொலன்னறுவை விவசாயிகள். நம்ம பக்கத்து ஆந்திராவுல ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம். காரணம் தண்ணியா, பூச்சிமருந்தான்னு இடத்துக்கு இடம் விவாதம் உண்டு. ஆனா வெயில்ல உடல் உழைப்புங்கிறது திரும்பத் திரும்ப வருது.

9/
தமிழ்நாட்டுக்கே வருவோம். சென்னை ஸ்ரீராமச்சந்திரா பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழு, தமிழக உப்பளத் தொழிலாளர்கள் 352 பேரைப் பரிசோதிச்சாங்க. 10-ல் 9 பேர் பாதுகாப்பு வரம்பைத் தாண்டின வெப்பத்துல வேலை செய்றாங்க. 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரக வடிகட்டும் திறன் குறைஞ்சிருந்தது.

10/
அடுத்தது 2025-ல் வெளிவந்த ஆய்வு. சென்னை மருத்துவக் கல்லூரி சிறுநீரகவியல் துறை மருத்துவர்கள் முன்னின்று, தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர்கள் 3,350 பேரைப் பார்த்தாங்க. முதல் பரிசோதனையில 17 சதவீதத்துக்கு மேல கோளாறு. மூணு மாசம் கழிச்சும் பார்த்து உறுதி செஞ்சப்போ, நாள்பட்ட சிறுநீரக நோய் 5.31 சதவீதம். அதுல கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு சுகர், பிரஷர்னு வழக்கமான காரணம் எதுவும் இல்ல.

11/
இதுல ரெண்டு பாடம் இருக்கு.

ஒண்ணு: ஒரு தடவை கிரியாட்டினின் கூட இருந்தா பயந்து நடுங்க வேண்டாம். பல பேருக்கு அது தற்காலிகம். ஆனா மூணு மாசத்துல திரும்பப் பார்த்தே ஆகணும்.

ரெண்டு: சுகர், பிரஷர் உள்ளவங்களை மட்டும் பரிசோதிச்சா, நோயாளிகள்ல ஒரு பெரிய கூட்டத்தைக் கதவுக்கு வெளியவே விட்டுடுறோம்.

12/
இப்போ என் கருத்துக்கு வர்றேன். தமிழ்நாட்டுல நல்ல திட்டங்கள் இருக்கு. வேலை செய்யும் இடத்துக்கே போய் சுகர், பிரஷர் பார்க்கிற "தொழிலாளரைத் தேடி மருத்துவம்" 2024-ல் தொடங்குச்சு. அதுக்கு முந்தின வருஷமே, சிறுநீர்ல புரதம் போகுதான்னு ஆரம்ப சுகாதார நிலையத்துல பட்டை வெச்சுப் பார்க்கிற திட்டமும் வந்துடுச்சு. ரெண்டையும் மனசாரப் பாராட்டுறேன்.

13/
ஆனா ஒரு ஓட்டை இருக்கு. வெப்பத்தால வர்ற இந்த வகை நோய்ல சிறுநீர்ல புரதம் பெருசாப் போகாது. பட்டைப் பரிசோதனை "நார்மல்"னு சொல்லும். உள்ளே கிட்னி பாதி போயிருக்கும். இதைப் பிடிக்க ரத்தத்துல கிரியாட்டினின் பார்த்து, வயசையும் பாலினத்தையும் சேர்த்து ஜிஎஃப்ஆர் கணக்குப் போடணும். செலவு ஒரு பிரியாணி விலைக்கும் குறைவு.

14/
அதனால என் கோரிக்கை நேரடியானது. பட்டாசு, தீப்பெட்டி, செங்கல் சூளை, உப்பளம், வயல் வேலை... வெப்பத்துல உழைக்கிற ஒவ்வொருத்தருக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை கிரியாட்டினின். கோடைக்கு முன்னாடி ஒண்ணு, கோடை முடிஞ்சு ஒண்ணுன்னா இன்னும் நல்லது. விருதுநகர்லயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. சிவகாசியில இஎஸ்ஐ மருத்துவமனை இருக்கு. விவசாயிகளுக்குச் செஞ்ச மாதிரி ஒரு முறையான ஆய்வை இங்கேயும் ஆலை ஆலையாச் செய்யலாம்.

15/
"இடைவேளை விட்டா உற்பத்தி என்னாகும்?"னு முதலாளி அண்ணாச்சிங்க கேட்பாங்க. நிகரகுவா கரும்புத் தோட்டத்துல தண்ணி, நிழல், ஓய்வு மூணையும் கட்டாயமாக்கிப் பார்த்தாங்க. எரிச்ச கரும்பு வெட்டுறவங்கள்ல, ஒரு பருவத்துல சிறுநீரகத்துல அடி வாங்கினவங்க 27 சதவீதம். ஓய்வு நேரத்தைக் கூட்டின அடுத்த பருவத்துல அது 7 சதவீதம். புது மருந்து எதுவும் இல்ல. தண்ணியும் நிழலும் ஓய்வும்தான்.

16/
இன்னொண்ணு. இந்த ஊர்ல மருந்து கலக்குற வேலையை வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே முடிச்சிடுவாங்க. ஏன்? மருந்துக்குச் சூடு ஆகாது. சூட்டைப் பார்த்து வேலை நேரத்தை வகுக்கத் தெரிஞ்ச தொழில் இது. அதே கவனத்தை மனுஷ உடம்புக்கும் காட்டுங்கன்னுதான் கேட்கிறேன். வெடிவிபத்துன்னா ஊரே கேட்கும். கிட்னி போற சத்தம் யாருக்கும் கேட்காது.

17/
பெண் தொழிலாளர்களைப் பத்தித் தனியாச் சொல்லணும். சுத்தமான கழிப்பறை இல்லாததால காலையிலயிருந்து தண்ணியே குடிக்காம இருக்கிற அக்காக்கள் எத்தனையோ பேர். "தண்ணி நிறையக் குடிங்க"ன்னு அவங்களுக்கு அறிவுரை சொல்றது வீண். முதல்ல கழிப்பறை. 1948-ன் தொழிற்சாலைகள் சட்டத்துலயே குடிதண்ணியும் கழிப்பறையும் எழுதியாச்சு. இது சலுகை இல்ல, உரிமை. 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராவே அறிவிச்ச அரசு இது. அந்த அறிவிப்பு ஆலை வாசலுக்குள்ளயும் வரணும்.

18/
நீங்க இன்னிக்கே செய்யக்கூடியது:

• வெயில் வேலைன்னா தாகம் எடுக்கிற வரை காத்திருக்காதீங்க. 20 நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் தண்ணி. மோர், நீராகாரம் நல்லது.
• தண்ணிக்குப் பதிலா கலர் குடிக்காதீங்க. 12 பேரைச் சூட்டுல உழைக்க வெச்சுப் பார்த்த ஒரு சின்ன ஆய்வுல, தண்ணி குடிச்சப்போ இருந்ததை விடக் குளிர்பானம் குடிச்சப்போ சிறுநீரக பாதிப்போட அறிகுறிகள் அதிகமா இருந்தது.
• வலி மாத்திரையை நீங்களா வாங்கிப் போடாதீங்க.
• சிறுநீர் அடர் மஞ்சளாப் போனா, எரிச்சல் இருந்தா "சூடு"ன்னு விட்டுடாதீங்க.
• ஏற்கனவே இதய நோய், சிறுநீரக நோய் இருக்கிறவங்க தண்ணி அளவை உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

19/
அந்த அண்ணன் இப்போ டயாலிசிஸ்ல இருக்கார். வாரத்துக்கு மூணு நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல சிகிச்சைக்குக் காசு இல்ல. ஆனா போன மூணு நாள் கூலியை எந்தக் காப்பீடும் தராது. கூட வர்ற மனைவியோட கூலியும் அதே மூணு நாள் போகுது. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு பண்ணியிருக்கோம். காத்திருக்கார்.

20/
அவர் தம்பியும் அதே வேலை. 33 வயசு. உடம்புக்கு ஒண்ணும் இல்லன்னார். அன்னிக்கே கட்டாயப்படுத்தி ரத்தம் எடுத்தேன். கிரியாட்டினின் 1.6, ஜிஎஃப்ஆர் 58. சிறுநீர்ல புரதம் இல்ல.

வலி மாத்திரையை நிறுத்தினோம். தண்ணி கேனோடதான் வேலைக்குப் போகணும்னு அண்ணி கண்டிஷன் போட்டாங்க. போர்மேன்கிட்டயும் அவங்களே போய்ப் பேசினாங்க. மூணு மாசம் கழிச்சு 1.4.

21/
அண்ணனுக்கு அந்த ரத்தப் பரிசோதனையைப் பத்து வருஷம் முன்னாடி யாராவது எடுத்திருந்தா, இன்னிக்கு அவரும் தம்பியோட அதே வேன்ல வேலைக்குப் போய்க்கிட்டு இருந்திருக்கலாம்.

உங்க வீட்டுல, தெருவுல வெயில்ல வேலை பார்க்கிற ஒருத்தரை இந்த வாரம் கிரியாட்டினின் பார்க்கக் கூட்டிட்டுப் போங்க. ரிப்போர்ட்டைப் பத்திரமா வெச்சிருங்க, அடுத்த வருஷம் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் வேணும். இந்த இழையை உங்க ஆலை வாட்ஸ்அப் குழுவுலயும் போடுங்க. முதலாளி இருக்கிற குழுவுல கண்டிப்பாப் போடுங்க.